ஓமந்தூரார்: பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஒரு பக்கம், திண்டிவனம் பக்கத்துக்காரர்கள் ஒரு பக்கம், அண்ணா சாலை மருத்துவமனையின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

ஓமந்தூரார் மருத்துவமனை என்கிறார்களே, அவர் பெரிய டாக்டரா?

இல்லை, விவசாயி. 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். மருத்துவமனை இருக்கும் அரசினர் தோட்டத்துக்குத்தான் அவர் பெயர் வைக்கப்பட்டது. மெட்ரோ நிலையத்துக்கு இன்னும் அரசினர் தோட்டம் என்றே பெயர். அங்கே புதிய தலைமைச் செயலகமாகக் கட்டி 2010 மார்ச்சில் திறந்த கட்டடம், பிறகு 2014-இல் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை ஆனது. இடத்தின் பெயர் மருத்துவமனையோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

முழுப் பெயர், ஊர், பிறந்த வருஷம் சொல்லுங்கள்.

ஓ. பி. ராமசாமி ரெட்டியார். முதல் எழுத்து ஊர்ப் பெயர். ஓமந்தூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் இருக்கிறது. அன்றைக்குத் தென்னாற்காடு மாவட்டம், இன்றைக்கு விழுப்புரம் மாவட்டம். 1895 பிப்ரவரி 1 அன்று பிறந்தார். 1970 ஆகஸ்ட் 25 அன்று வடலூரில் காலமானார்.

உண்மையிலேயே ஏர் பிடித்தவரா, இல்லை நிலம் வைத்திருந்ததால் விவசாயி என்கிறார்களா?

நிலமுள்ள குடும்பத்தில் பிறந்தவர். கூலிக்கு நாற்று நட்டவர் என்று யாராவது சொன்னால் அது மிகை. அதே நேரத்தில் ஜமீன்தாரும் இல்லை. அரசாங்கத்துக்கு நேரடியாகக் கிஸ்தி (நிலவரி) கட்டி, ஏரியையும் கிணற்றையும் நம்பி வெள்ளாமை வைக்கும் குடியானவர் வகை. திண்டிவனம் பக்கம் மழை பொய்த்தால் மல்லாட்டைதான் (நிலக்கடலைதான்) கைகொடுக்கும், அதுவும் சில வருஷம் கைவிடும். அந்த மண்ணில் வளர்ந்தவர்.

இது ஏன் முக்கியம் என்றால், அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களைப் பாருங்கள். பனகல் அரசர், குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன், பொப்பிலி அரசர் எல்லாரும் ஜமீன் வழி. ராஜாஜியும் பிரகாசமும் வழக்கறிஞர்கள். அந்த வரிசையில் ஒரு கிராமத்து ரயத்து (குடியானவர்) வந்து உட்கார்ந்தது அன்றைக்குச் சாதாரண விஷயம் இல்லை. விவசாயி முதல்வர் என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

முதல் முதலமைச்சர் சுப்பராயலு ரெட்டியாரா, ஓமந்தூராரா? ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரி போட்டிருக்கிறார்கள்.

இரண்டு பேரும் வேறு வேறு காலம். ஏ. சுப்பராயலு ரெட்டியார் 1920 டிசம்பரில், ஆங்கிலேய ஆளுநரும் இந்திய அமைச்சர்களும் துறைகளைப் பிரித்துக்கொண்ட இரட்டை ஆட்சி முறையில், நீதிக்கட்சி சார்பில் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் ஆனார். ஓமந்தூரார் காங்கிரஸ்காரர். 1947 ஆகஸ்ட் 15 அன்று பதவியில் இருந்தவர் என்பதால், சுதந்திர இந்தியாவில் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர். இருவரும் ரெட்டியார், இருவரும் தென்னாற்காட்டுப் பக்கம், அதனால்தான் குழப்பம். தேர்வில் கேள்வியை முழுசாகப் படியுங்கள். "சுதந்திரத்துக்குப் பிறகு" என்ற சொல் இருந்தால் ஓமந்தூரார்.

சில இடத்தில் "சென்னை மாகாணப் பிரதமர்" என்று எழுதியிருக்கிறதே?

அதுவும் சரிதான். 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணத் தலைமை அமைச்சரைப் பிரதமர் என்றே சொன்னார்கள். 1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் வந்த பிறகுதான் முதலமைச்சர் என்ற பெயர் நிலைத்தது. வேலை ஒன்றுதான்.

அப்போது அவர் ஆண்டது இன்றைய தமிழ்நாடு அளவுதானா?

இல்லை, இன்னும் பெரியது. ஆந்திரக் கடலோர மாவட்டங்கள், ராயலசீமா, மலபார், தென் கன்னடம், பெல்லாரி எல்லாம் சென்னை மாகாணத்துக்குள் இருந்தன. சட்டமன்றத்தில் தெலுங்கு, தமிழ், மலையாள, கன்னட உறுப்பினர்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அடுத்த பதிலைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதவி ஆசையே இல்லாதவர் என்கிறார்கள். அப்புறம் எப்படி முதல்வர் ஆனார்?

1946 தேர்தலில் மொத்தம் 215 இடங்களில் காங்கிரஸ் 163 இடங்களைப் பிடித்தது. ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் முதலமைச்சரானார். ஆனால் கட்சிக்குள் ராஜாஜி அணி, காமராஜர் அணி, பிரகாசம் அணி என்று ஏகப்பட்ட பிளவு. ஒரு வருஷம் முடிவதற்குள் பிரகாசத்துக்கு எதிராகப் பெரும்பான்மை திரண்டுவிட்டது.

இந்த அணிகளில் யாருடைய ஆளை நிறுத்தினாலும் மற்றவர் ஒப்ப மாட்டார். தென்னாற்காட்டில் கட்சியை வளர்த்தவர், சிறை சென்றவர், கை சுத்தம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டவர் என்று தேடியபோது ஓமந்தூரார் பெயர் வந்தது. அவர் தயங்கினார், காமராஜர் உள்ளிட்டவர்கள் வற்புறுத்தினார்கள். ரமண மகரிஷியிடம் மிகுந்த ஈடுபாடு கொண்டவர் அவர். திருவண்ணாமலைக்குப் போய் வந்த பிறகே சம்மதித்தார் என்று சொல்வார்கள். ஆசை இல்லாதவர் என்பது சரி. ஆனால் அவரைக் கொண்டு வந்தது அணி அரசியல்தான். அதே அணி அரசியல்தான் பிறகு இறக்கவும் செய்தது.

சரி, விவசாயி முதல்வர் ஆகி விவசாயிக்கு என்ன செய்தார்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்குவேன். அவர் எளிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் நூறு பேர் என்றால், அவர் அரசு போட்ட சட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர் ஒருவர்தான் இருப்பார்.

மாகாணத்தில் அன்றைக்கு இரண்டு வகை நில ஏற்பாடு இருந்தது. ரயத்துவாரியில் உழவன் அரசுக்கு நேரே தீர்வை (நிலவரி) கட்டுவான். ஜமீன் பகுதியில் உழவன் ஜமீன்தாருக்குக் கட்டுவான், ஜமீன்தார் அதில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டுவார். 1802-இல் நிரந்தரமாக நிர்ணயித்த தொகை என்பதால் ஜமீன்தார் அரசுக்குக் கட்டுவது ஏறவே இல்லை. குடியானவன் ஜமீனுக்குக் கட்டுவது மட்டும் ஏறியது. பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே மண், ஒரே ஏரித் தண்ணீர். ஒரு ஊர் ரயத்துவாரி, இன்னொன்று ஜமீன். ஜமீன் ஊர்க்காரன் பல இடங்களில் பல மடங்கு கட்டினான்.

ஓமந்தூரார் அரசு இதை இரண்டு படியாகக் கையாண்டது. முதலில் 1947-இல் எஸ்டேட் நில வாரக் குறைப்புச் சட்டம். எஸ்டேட் என்றால் ஜமீன், வாரம் என்றால் குடியானவன் ஜமீனுக்குக் கட்டும் தொகை. பக்கத்து ரயத்துவாரி ஊரில் என்ன தீர்வையோ, அந்த அளவுக்கு ஜமீன் ஊரின் வாரத்தை இறக்கச் சொன்னது. அப்போதே விவசாயிக்குக் கையில் பணம் மிஞ்சியது. ஜமீன்தாரின் வருமானம் குறைந்ததால், பிறகு அவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடும் குறைந்தது. இரண்டாவது, 1948-ஆம் ஆண்டின் 26-வது சட்டம். எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம். ஜமீன் முழுவதும் அரசு வசம் வந்தது. உழுதுகொண்டிருந்த ரயத்துக்கு அவர் பெயரிலேயே பட்டா. ஏரி, காடு, மேய்ச்சல் நிலம், புறம்போக்கு எல்லாம் பொதுச் சொத்து. இந்தியாவில் இந்த மாதிரிச் சட்டத்தை முதலில் நிறைவேற்றிய மாகாணங்களில் சென்னையும் ஒன்று. வருவாய்த் துறையைக் கையில் வைத்திருந்த கலா வெங்கட ராவ் இதில் முக்கியமானவர், அவர் பெயரையும் விடக் கூடாது.

இதோடு 1948-இல் கீழ்பவானித் திட்ட வேலை தொடங்கியது. 1955-இல் முடிந்து, கோவை மாவட்டத்தில் (இன்றைய ஈரோடு பகுதியில்) சுமார் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தந்தது. பொதுப்பணித் துறை அப்போது பக்தவத்சலத்திடம் இருந்தது.

ஜமீன் ஒழிப்பைக் காமராஜர் செய்தார் என்றுதானே படித்தோம்?

சட்டம் ஓமந்தூரார் காலத்தில் நிறைவேறியது. கவர்னர் ஜெனரல் ஒப்புதல் 1949 ஏப்ரலில்தான் வந்தது. அந்தக் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அதே மாதம் ஓமந்தூரார் பதவியை விட்டுவிட்டார். எனவே ஜமீன்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து பட்டா கொடுத்த வேலையை அடுத்து முதல்வரான குமாரசாமி ராஜாவும் ராஜாஜியும் காமராஜரும் தொடர்ந்து செய்தார்கள். பட்டா கையில் வாங்கிய நாள்தானே குடும்பத்துக்கு நினைவு இருக்கும். அதனால் அந்தந்த ஊரில் அந்தந்த முதல்வர் பெயர் நிற்கிறது.

பட்டா சரி. குத்தகைக்கு உழுதவனுக்கும் பண்ணையாளுக்கும் என்ன கிடைத்தது?

நேரடியாகப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தச் சட்டம் ஜமீன்தாருக்கும் ரயத்துக்கும் நடுவில் இருந்த கணக்கைத் தீர்த்தது. ரயத்துக்குக் கீழே வாரத்துக்கு உழுதவர், பண்ணையில் வேலை செய்தவர் ஆகியோர் அதன் பார்வைக்குள் வரவில்லை. அதிலும் தஞ்சாவூர் டெல்டா பெரும்பாலும் ரயத்துவாரி. அங்கே மிராசுதார்தான் பெரிய நிலக்காரர். ஜமீன் ஒழிப்பு அவரைத் தொடவே இல்லை. குத்தகைதாரரையும் பண்ணையாளையும் காக்கும் தனிச் சட்டம் தஞ்சைக்கு 1952-இல், ராஜாஜி ஆட்சியில்தான் வந்தது. அதற்குப் பின்னால் இடதுசாரி விவசாயச் சங்கங்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது.

ஓமந்தூராரின் விவசாயி என்ற சொல்லுக்குள் யார் இருந்தார், யார் வெளியே நின்றார் என்பது இங்கே தெரிகிறது. அவரை மதிக்கிறவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை.

கோயில் நுழைவுச் சட்டம் ராஜாஜி கொண்டுவந்தது இல்லையா? தேவதாசி ஒழிப்பு முத்துலட்சுமி ரெட்டி இல்லையா?

இரண்டிலும் தொடக்கம் அவர்கள், முடிவு ஓமந்தூரார் அரசு. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைந்தார்கள். அதைச் செய்தவர்கள் மீது வழக்கு வராமல் ராஜாஜி அரசு சட்டம் போட்டது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம்தான் மாகாணம் முழுவதும் இந்துக் கோயில்களில் எல்லாச் சாதியாரும் நுழைந்து வழிபட உரிமை தந்தது.

தேவதாசி விஷயத்தில் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் கடைசியிலிருந்து சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. பெயர் ஒற்றுமையைப் பார்த்து முத்துலட்சுமி அம்மையார் இவருக்கு உறவா என்று சிலர் கேட்கிறார்கள். உறவு இல்லை.

மதுவிலக்கு அவர் காலத்திலா வந்தது?

1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கினார், போர்க்காலத்தில் நின்றது, 1946-இல் பிரகாசம் சில மாவட்டங்களில் மறுபடி கொண்டு வந்தார். மாகாணம் முழுக்க விரிந்தது 1948-இல், ஓமந்தூரார் ஆட்சியில்.

கடவுள் பக்தர், வள்ளலார் பக்தர். அவரைப் பெரியார் ஏன் பாராட்டினார்?

வகுப்புவாரி உத்தரவுக்காக. அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் முறை நீதிக்கட்சிக் காலத்திலேயே இருந்தது. பழைய கணக்கு 12 இடங்களுக்கு: பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறிஸ்தவர் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. ஓமந்தூரார் அரசு 1947 நவம்பரில் அதை 14 இடங்களாக மாற்றியது: பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, தாழ்த்தப்பட்டோர் 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர் 1, முஸ்லிம் 1.

இதில் கவனிக்க வேண்டியது "பிற்படுத்தப்பட்ட இந்துக்கள்" என்ற தனி வரிசை. பிராமணர் அல்லாதார் என்ற பெரிய தொகுப்புக்குள் முன்னேறிய சாதிகளே இடத்தைப் பிடித்துவிடுகின்றன என்ற குறைக்கு அது பதில். தாழ்த்தப்பட்டோருக்கும் ஒன்று இரண்டானது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் குறைந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எதிர்த்தவர்கள் இவரைத் "தாடி இல்லாத ராமசாமி நாயக்கர்" என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

கல்லூரிச் சேர்க்கையில் இந்த விகிதம் செல்லாது என்று 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகுதான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது. இன்றைய இட ஒதுக்கீட்டின் சட்ட வரலாற்றில் ஓமந்தூராரின் அந்த 14 இடக் கணக்கு நடு ஆணி.

அப்படியென்றால் அதே பெரியாரை ஏன் கைது செய்தார்கள்?

இந்திக்காக. 1948-இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டு வந்தது ஓமந்தூரார் அரசு. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குக் காரணமானவரும் அவர்தான். தமிழ்ப் பகுதியில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு பெரியாரின் தொண்டர் படையான கருஞ்சட்டைப் படைக்குத் தடை. ஆகஸ்டில் கவர்னர் ஜெனரல் ராஜாஜி சென்னைக்கு வரும்போது கறுப்புக்கொடி காட்டத் திட்டமிட்ட பெரியாரையும் மற்றவர்களையும் முன்கூட்டியே கைது செய்தார்கள்.

கம்யூனிஸ்டுகள் மீது இன்னும் கடுமை. பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டி விசாரணையில்லாமல் பலரை உள்ளே வைத்தார்கள். 1947 டிசம்பரில் பிடிபட்ட ஏ. கே. கோபாலன் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார். பக்கத்து ஹைதராபாத்தில் நிஜாம் ஆதரவுப் படையான ரஜாக்கர்களின் கலவரமும் தெலங்கானா ஆயுதப் போராட்டமும் நடந்துகொண்டிருந்த நேரம் என்பது உண்மைதான். ஆனாலும் விசாரணை இல்லாத சிறைக்கு அதை முழு நியாயமாக நான் ஏற்கவில்லை. நல்ல மனிதர் நடத்திய அரசிலும் இது நடந்தது.

பாரதியார் பாட்டை நாட்டுடைமை ஆக்கியது இவரா?

ஆமாம், 1949-இல். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. அந்தப் பாடல்களைப் பயன்படுத்துவதிலேயே தகராறு வந்தது. தமிழறிஞர்களும் கலைஞர்களும் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி ஓமந்தூரார் அரசு உரிமையைப் பெற்றது.

இவ்வளவு நேர்மையானவரை ஏன் கீழே இறக்கினார்கள்?

நேர்மை ஒரு காரணம், அது மட்டுமே காரணம் இல்லை. பெர்மிட், லைசென்ஸ், மாற்றல் உத்தரவு என்று சிபாரிசோடு வந்த சொந்தக் கட்சி உறுப்பினர்களுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. ரேஷனும் கட்டுப்பாடும் இருந்த காலம், ஒரு பெர்மிட் கையில் கிடைத்தால் காசு. கதவை அடைத்ததும் புகைச்சல் வந்தது. பிரகாசம் அணி தொடக்கத்திலிருந்தே எதிர்ப்பு. கொண்டு வந்த காமராஜரோடும் உறவு கசந்தது. கட்சிக்கும் ஆட்சிக்கும் நடுவில் யார் சொல் எடுபட வேண்டும் என்பதுதான் அடிப்படைச் சண்டை. ஆட்சியில் கட்சி தலையிடக் கூடாது என்றார் அவர். ஆனால் கட்சிதான் அவரைக் கொண்டு வந்தது. கடைசியில் சட்டமன்றக் கட்சியின் ஆதரவு போனது, குமாரசாமி ராஜா வந்தார்.

தன் பக்கம் ஆள் சேர்க்கத் தெரியாதது ஒரு குறை என்றே நினைக்கிறேன். இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் ஜமீன் ஒழிப்பை அவர் கையாலேயே நடத்தியிருக்கலாம்.

பதவி போன பிறகு என்ன ஆனார்? கிராமத்துக்கே போய்விட்டாரா?

வடலூருக்குப் போனார். வள்ளலார் 1867-இல் தருமசாலையும் 1872-இல் சத்திய ஞான சபையும் அமைத்த ஊர். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, பள்ளிக்கூடம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் என்று இருபது ஆண்டுகள் வேலை செய்தார். ஓமந்தூரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

எங்கள் தாத்தா காலத்துப் பட்டாவில் "சட்டம் 26/1948" என்று இருக்கிறது. அது இவர் போட்ட சட்டமா?

அதேதான், மேலே சொன்ன ஜமீன் ஒழிப்புச் சட்டம். உங்கள் ஊர் பழைய ஜமீன் கிராமம், செட்டில்மென்ட் நடந்து உங்கள் குடும்பத்துக்கு ரயத்துவாரி பட்டா கிடைத்திருக்கிறது என்று பொருள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நிலத் தகராறு வந்தால் இன்றும் அதுதான் முதல் ஆதாரம்.

ஒன்றைச் சரிபாருங்கள்: 26 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது 1948-ஆ, 1963-ஆ? இனாம் (கோயிலுக்கோ தனியாருக்கோ மானியமாகக் கொடுத்த நிலம்) எஸ்டேட்டுகளை ஒழித்த சட்டமும் 26-ஆம் எண்தான், ஆனால் 1963. சிறு இனாம்களுக்கு 30/1963. ஆண்டு மாறினால் சட்டமே மாறிவிடும், வழக்கறிஞரிடம் போகும்போது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த நிலத்தை ஒட்டி ஏரியோ மேய்ச்சல் புறம்போக்கோ இருந்தால், அது பழைய ஜமீன்தாரிடம் வாங்கியது என்று யாராவது பத்திரம் காட்டினாலும் உடனே நம்பிவிடாதீர்கள். ஜமீன் ஒழிந்த நாளிலேயே அதெல்லாம் அரசுக்குச் சேர்ந்துவிட்டது.